வுகாஷினின் மாடி

தோன்யி யாசென்
28 செப்டம்பர் 2022

அன்புத் தம்பி வுகாஷினுக்கு,

அக்கா ராதோய்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும், மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடுகிறாயா? வெரேனா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எட்டிப்பார்க்கிறாள் என்று குறைப்பட்டிருந்தாய். வாரம் தவறாமல் வருகிற மகளைப் பற்றிக் குறை சொல்லாதே.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சொல்வதில் பாதி எனக்குக் கேட்பதில்லை. மீதிக்கு நான் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிவைத்துவிடுகிறேன். இது ஆமாம் போட்டுத் தப்பிக்கிற விஷயம் இல்லை.

இந்த வீட்டைச் சின்னதாக்கப் போகிறேன். போன குளிர்காலம் முழுக்கச் சமையலறை அடுப்பை விட்டு நகரவில்லை. படுக்கையறையில் மூச்சு விட்டால் ஆவி பறந்தது. சமையலறைப் பெஞ்சிலேயே படுத்தேன். விறகு சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது. "இன்னொரு குளிர்காலம் இப்படியே இருந்தீங்கன்னா, வசந்தத்துல உங்களை முதியோர் இல்லத்துலதான் பார்ப்பேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நான் இந்த வீட்டிலேதான் சாக விரும்புகிறேன், அதுவும் கதகதப்பாக.

ஓப்ராத் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே கேள்வி கேட்டார். "சூடு வெளிய போகாம பஞ்சுப் போர்வையை எங்க போத்தணும், சொல்லுங்கக்கா. கூரைக்கா, உங்க தலைக்கு மேல இருக்கிற தளத்துக்கா? கூரைக்குப் போத்தினா தம்பியோட மாடியும் வீட்டோட சேர்ந்துக்கும். தளத்துக்குன்னா மாடி அவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்குக் காகிதப் பஞ்சு கொட்டிடுவோம். அப்புறம் அங்க பூனைகூட நடக்காது."

இரண்டே வருஷம் என்று சொல்லி நீ ஆஸ்திரியாவுக்குப் போனபோது அப்பா உனக்காகக் கட்டிய மாடி அது. ஊரில் எல்லோரும் மகனுக்கு ஒரு மாடி கட்டினார்கள், அவரும் கட்டினார். என் வீட்டுக்காரர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, கீழேயே வாழ்ந்து, கீழேயே போய்ச் சேர்ந்தார். உன் மாடியில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. இன்றும் பூசாத செங்கல்தான், ஜன்னலுக்குப் பலகைதான். இப்போது உன் வரவேற்பறையில் என் வெங்காயமும் வாதுமைக் கொட்டையும் காய்கின்றன. அதற்கு நீ கோபப்படமாட்டாய் என்று தெரியும். ஆனால் உன் வார்த்தை இல்லாமல் அங்கே ஒரு பிடி பஞ்சு கொட்டமாட்டேன்.

கூரையா, தளமா? எழுது.

கடவுள் உனக்கு ஆரோக்கியம் தரட்டும். மிளகாய் ஊறுகாய் இரண்டு பாட்டில் லின்ஸ் பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் அக்கா
ராதோய்கா


லின்ஸ்
17 அக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்காலும் இடுப்பும் சொன்னபடி கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஊறுகாய் வந்தது. ஒரு பாட்டிலை வெரேனா தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் வெப்பமும் காற்றும் குழாய் போட்டுக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, சொந்த அக்கா வீட்டைச் சூடாக்கச் சொல்லி இப்போதுதான் கேட்கிறாய்.

முதலில் ஜன்னல். மூன்று கண்ணாடி போட்டதாக வாங்கு. தெற்குப் பக்கம் பெரிதாக இருக்கட்டும், வடக்கே குளியலறைக்கு மட்டும் சின்னதாக ஒன்று போதும். வெளிச்சுவருக்கு விரற்கடை கணக்கில் பஞ்சுப் பலகை ஒட்டுகிறார்களே, அது பத்தாது. ஒரு சாண் கனம் வேண்டும். உன் படுக்கை, சமையல், குளியல் மூன்றும் ஒரே வரிசையில், தெற்கே வரட்டும். நடுவில் வாசற்படி கூடாது, ஓர் அங்குலம்கூடக் கூடாது. வயசானவர்கள் மாடியிலிருந்து விழுவதைவிட அந்த ஓர் அங்குலத்தில்தான் அதிகம் விழுகிறார்கள்.

இன்னொன்று. ஜன்னலும் சுவரும் இப்படி இறுகிவிட்டால் வீடு மூச்சு விட முடியாது. அதனால் சுவரில் மாட்ட இரண்டு காற்றுப் பெட்டி அனுப்புகிறேன். உள்ளே இருக்கிற காற்றின் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, வெளிக்காற்றுக்கு அதைக் கொடுத்து உள்ளே விடும். ஓப்ராத் சுவரில் துளை போட்டால் போதும்.

கூரையா தளமா என்பதை யோசித்துச் சொல்கிறேன். அதற்கு இப்போது அவசரம் இல்லை.

அன்புடன்
வுகாஷின்


தோன்யி யாசென்
6 டிசம்பர் 2022

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே பனி விழுந்துவிட்டது. நான் நலம், வீடுதான் நலமாக இல்லை.

ஜன்னல் வந்தது, சுவருக்குப் பலகை ஒட்டியாயிற்று. பெட்டிகளையும் மாட்டினோம். முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஜன்னல் அழ ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கண்ணாடியெல்லாம் தண்ணீர். இப்போது கட்டிலுக்குப் பின்னால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. பழைய ஓட்டை ஜன்னல் இருந்தபோது இந்தக் கண்ராவி இல்லையே.

பக்கத்து வீட்டு ஸ்தமென்கா வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்திரியாக்காரன் பேச்சைக் கேட்டா இப்படித்தான். வீட்டை ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வச்சுட்டீங்க, இப்ப நீங்கதான் மிளகாய்" என்கிறாள்.

என்ன செய்ய?

மாடியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. ஓப்ராத் மார்ச்சில் பஞ்சுக்குச் சொல்லிவைக்க வேண்டுமாம்.

உன் அக்கா
ராதோய்கா

ஒன்று சொல்ல மறந்தேன். அந்தப் பெட்டிகளிலிருந்து எதிரும் புதிருமாகக் குறுக்குக் காற்று வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று இரண்டிலும் கம்பளிக் காலுறை அடைத்துவைத்திருக்கிறேன். அதனால் ஒன்றும் இல்லையே?


லின்ஸ்
19 டிசம்பர் 2022

அக்கா,

நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். காலுறையை எடுக்கும் வரை அதை நான் நம்பமாட்டேன்.

கடைசியில் ஒரு வரியில் ஒளித்துவைத்தாயே, அதுதான் அக்கா எல்லாவற்றுக்கும் காரணம். நீ சமைப்பதும் குளிப்பதும் மூச்சு விடுவதும் எல்லாம் ஈரம். அது போக வழி இல்லாமல் உன் கண்ணாடியிலும் மூலையிலும் உட்கார்ந்துகொள்கிறது. காலுறையை உருவு. பூஞ்சையைச் சோடா கலந்த நீரில் துடை. ஸ்தமென்காவிடம் சொல், ஜாடிக்கு மூடியில் ஓட்டை போட்டுத்தான் அனுப்பினேன், அடைத்தது அக்கா என்று.

எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இங்கே நம்மூர்க்காரர்கள் வீடுகளில் எத்தனை பெட்டிகளில் துணி அடைத்திருந்ததை நானே உருவியிருக்கிறேன் தெரியுமா? இந்த ஊர்க்காரன் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறான், கழுத்தும் நேராகத்தான் இருக்கிறது. நம் ஆட்களை மட்டும் குறுக்குக் காற்று தேடி வந்து கொல்லுமாம். நானும் இன்றுவரை பஸ்ஸில் எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தால் இடம் மாறித்தான் உட்காருகிறேன். இதை வெரேனாவிடம் சொல்லிவிடாதே.

மாடி விஷயம் என் மனதில் இருக்கிறது. கோடையில் நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு என் வாழ்த்துகள். அப்பா கல்லறைக்கு என் பேரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்று.

வுகாஷின்


தோன்யி யாசென்
16 ஜனவரி 2023

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போனது. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். காலுறையை உருவினேன். முதல் இரண்டு நாள் கழுத்தில் சால்வை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் கண்ணாடி காய்ந்துவிட்டது. நீ ஜெயித்தாய், போதுமா? ஆனால் சால்வையை இன்னும் கழற்றவில்லை.

இந்த வருஷம் பாதி விறகுதான் எரிந்திருக்கிறது. கட்டிலில் படுக்கிறேன். ஆனால் சூடு மேலே போய்விடுகிறது. சமைத்து முடித்த பிறகு உன் மாடிக்கு ஏறிப் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வெங்காயமெல்லாம் முளைத்துவிட்டது. உன் மாடியில் வெங்காயம் குளிர்காய நான் விறகு எரிக்கிறேன்.

தம்பி, இரண்டு முறை கேட்டுவிட்டேன், இது மூன்றாவது. கோடையில் வந்து பார்க்கிறேன் என்கிறாய். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? செங்கல். நீ திரும்பி வந்து அங்கே குடியிருப்பாயா, மாட்டாயா? இதை நான் இத்தனை வருஷமும் கேட்டதில்லை. கேட்டால் வற்புறுத்துவதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஓப்ராத் கேட்கிறார் என்று சாக்குச் சொல்லிக் கேட்கிறேன். உண்மையில் கேட்பது நான்தான்.

எந்தப் பதிலானாலும் சரி. பதில் மட்டும் வேண்டும்.

அக்கா
ராதோய்கா


தோன்யி யாசென்
11 மார்ச் 2023

தம்பி வுகாஷினுக்கு,

நலமா? ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தேன், வெரேனா எடுத்தாள். அப்பா தூங்குகிறார் என்றோ தோட்டத்தில் இருக்கிறார் என்றோ சொன்னாள். அவளுடைய அரைகுறைச் செர்பிய மொழியும் என் காதும் சேர்ந்தால் எதுவும் நிச்சயம் இல்லை.

நான் கேட்டது உனக்குக் கோபமாக இருந்தால், கேட்கவில்லை என்று வைத்துக்கொள். ஓப்ராத்தைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


லின்ஸ்
27 மார்ச் 2023

அன்புள்ள அக்கா,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வெரேனா பழைய கணினி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டாள். அதில் எழுதப் பழகுகிறேன், அதனால்தான் அச்சடித்தது போல வருகிறது. பேனா பிடிக்கச் சோம்பலாகவும் இருக்கிறது.

கோபமெல்லாம் இல்லை. இத்துடன் கீழ்த்தளத்துக்கு முழு வரைபடம் வைத்திருக்கிறேன், நிதானமாகப் பார். இரண்டு படுக்கையறை. குளியலறையில் படி இல்லாமல் தண்ணீர் வடிகிற சரிவுத் தரை, சுவரோடு மடிகிற இருக்கை, கைப்பிடிகள். கதவெல்லாம் அகலம். விளக்குச் சுவிட்செல்லாம் இடுப்பு உயரத்தில். சமையல் மேடைக்குக் கீழே காலியாக விட்டிருக்கிறேன், உட்கார்ந்தபடியே சமைக்கலாம்.

ஓப்ராத் கோடு மாறாமல் கட்டட்டும்.

வுகாஷின்


தோன்யி யாசென்
18 ஏப்ரல் 2023

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடுகையில் உன் சிவப்பு முட்டையைத் தனியே எடுத்துவைத்தேன்.

நீ அனுப்பிய கடிதத்தைப் பார்த்து வரி அலுவலகத்திலிருந்து வந்ததோ என்று முதலில் பயந்துவிட்டேன். வரைபடம் அழகாக இருக்கிறது. ஓப்ராத்தும் நானும் மேஜையில் விரித்துவைத்துப் பார்த்தோம். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு எந்தக் கை பலம்?" என்றார்.

"வலதுதான். உங்களை அறையணும்னாலும் அதாலதான்" என்றேன்.

"அப்ப இது உங்களுக்கு வரைஞ்சது இல்ல. கழிப்பறைக் கைப்பிடி இடது பக்கம். குளிக்கிற இடத்துல இடது பக்கம். கட்டில் பக்கத்துல சுவிட்சும் இடது கைக்கு எட்டுற மாதிரி. ரெண்டு படுக்கையறை வேற. ஒரு தடவை கை தவறியிருக்கலாம், எல்லாத்துலயுமா தவறும்? எங்க மாமனாருக்கு வலப்பக்கம் வாதம் வந்தப்போ நான் இப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன்."

அவர் போன பிறகு நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அச்சடித்த கடிதம், ஏழு வார மௌனம், தோட்டமே இல்லாத உன் வீட்டில் நீ தோட்டத்தில் இருப்பதாக வெரேனா சொன்னது. கிழவிக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தம் இல்லை.

உனக்கு என்ன ஆயிற்று, வுகாஷின்?

அக்கா


லின்ஸ்
2 ஜூன் 2023

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வியாதி காரணம் இல்லை. வெட்கம்.

ஜனவரி கடைசியில், உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கழித்து, காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன், வலது கால் வரவில்லை. மருத்துவமனையில் ஆறு வாரம். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறேன். பேச்சு வந்துவிட்டது. வலது கைதான் இன்னும் அடுத்தவன் கைபோலத் தொங்குகிறது. இதையும் அந்த வரைபடத்தையும் இடது கையின் ஒற்றை விரலால்தான் கணினியில் போட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், உனக்காக என்று நினைத்துத்தான் வரைந்தேன். கண்ணை மூடி, குளியலறைக்குள் நடந்து, எங்கே பிடிமானம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். நடந்தது நான் என்பது ஓப்ராத் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கைப்பிடிகளை வலது பக்கம் மாற்றச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில்: தளம். மாடியை நிரப்பிவிடு. அந்த வெளிப் படிக்கட்டில் என்னால் இனி ஏற முடியாது. நல்ல காலோடு இருந்தபோதே ஏறியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை அக்கா. அந்த மாடி அங்கே காலியாகக் காத்திருக்கிறது என்ற நினைப்பில்தான் இங்கே இத்தனை வருஷம் ஓட்டினேன்.

நதியோரம் லிஃப்ட் வைத்த முதியோர் இல்லம் ஒன்றை வெரேனா பார்த்திருக்கிறாள். அக்டோபரில் இடம் காலியாகுமாம். கீழ்த்தளத்தில் வந்து இருக்கச் சொல்லி நீ எழுதுவாய் என்று தெரியும், எழுதாதே. எழுபத்து மூன்று வயசு அக்காவின் கையால் குளிப்பாட்டிக்கொள்ள நான் வரமாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வுகாஷின்


தோன்யி யாசென்
24 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பி வுகாஷினுக்கு,

உன் கை கால் நாளுக்கு நாள் தேறவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நான் நலம். வீடும் நலம்.

எழுதாதே என்றாய், ஜூன், ஜூலை எழுதவில்லை. வேலை முடியட்டும் என்றிருந்தேன். இப்போது வீட்டு விவரம் எழுதுகிறேன், அதைத் தடுக்க உனக்கு உரிமை இல்லை.

போன திங்கள்கிழமை உன் மாடியை நிரப்பினோம். வெங்காயத்தையும் கொட்டையையும் நானே கீழே இறக்கினேன். தடிமனான குழாயை மேலே ஏற்றி, லாரியிலிருந்து பஞ்சை ஊதினார்கள். மாடி வாசலில் நின்று பார்த்தேன். வரவேற்பறை, பிறகு நீ கல்யாணம் செய்தால் உனக்கென்று அப்பா தடுத்த அறை, பிறகு குழந்தைகள் அறை. சாம்பல் நிறத்தில் ஏறிக்கொண்டே வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. ஓப்ராத் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "வேணாம்னா சொல்லுங்கக்கா, அள்ளிடலாம்" என்றார். ஊதுங்கள் என்றேன். மதியத்துக்குள் முடிந்தது. இத்தனை நாள் மேலே ஒருவன் வரப்போகிறான் என்று நான் கீழே காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது போனதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

கீழே உன் கோடு மாறாமல் கட்டியாயிற்று. கைப்பிடிகளை மாற்றச் சொன்னாயே, மாற்றவில்லை. எல்லாம் இடது பக்கமே. தினமும் காலையில் குளியலறையில் தப்பான பக்கம் கையை நீட்டி உன்னைத் திட்டுகிறேன். இது எனக்கு உதவாத குளியலறை, உனக்கு மட்டும் உதவும்.

உன்னை நான் குளிப்பாட்டப் போகிறேன் என்று யார் சொன்னது? எனக்கு அவ்வளவு ஆசையா? ஸ்தமென்காவின் மருமகள் நகரத்து மருத்துவமனையில் நர்ஸ், இங்கேயே யார் வீட்டிலாவது பகல் வேலை தேடுகிறாள். அவளிடம் பேசியாயிற்று. அவள் வாய் நீளம், உனக்குச் சரியாக இருக்கும். நான் கதவுக்கு வெளியே சூப்போடு நிற்பேன்.

நீ அங்கேதான் இருப்பேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் உன்மேல் பாவம் பார்த்துத்தான் அக்கா கூப்பிடுகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு இந்த வீட்டில் பேச ஆள் வேண்டும். சுவர் இவ்வளவு கனமான பிறகு வெளியே நாய் குரைப்பதுகூட உள்ளே கேட்பதில்லை.

உன் அக்கா
ராதோய்கா


லின்ஸ்
9 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்கா,

உடம்பு பரவாயில்லை. உன் கடிதத்தை வெரேனாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். பிறகு வந்து, "போங்கப்பா, நான் மாசம் ஒரு தடவை வரேன்" என்றாள். இல்லத்துக்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆஸ்திரியாவுக்கு வந்த நாளிலிருந்து, எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். வீடு இன்னும் முடியவில்லை, முடியட்டும், போகிறேன் என்பேன். வேலையிடத்தில் சொன்னேன், சர்ச்சில் சொன்னேன், கல்யாணத்தன்று என் மனைவியிடம் சொன்னேன், அவள் சாகக் கிடந்தபோதும் சொன்னேன். நேற்று மருந்துக்கடையில் நம்மூர்க்காரர் ஒருவர் வழக்கம்போலக் கேட்டார். வாயைத் திறந்தேன். வீடு முடிந்துவிட்டது என்றுதான் வந்தது.

இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை, பஸ்ஸில் வருகிறேன்.

உன் தம்பி
வுகாஷின்